பாலாற்றைத் தாண்டியவர்களின் மனைவிகள்

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் வீட்டுப் பெண்களைத் தங்களுக்குக் கட்டிக்கொடுக்கும்படி கங்குந்தி வேடர்கள் கேட்டார்கள். வேளாளர்கள் ஏளனம் பேசி மறுத்துவிட்டார்கள். ஆத்திரம் கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். போகும்போது மனைவிமாரிடம் சொல்லிவைத்தார்கள்: நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்துக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தி, திரும்பி, வந்த வழியே காஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தன. எழுவரும் கங்குந்திக்குப் போய் வேடர்களைக் கொன்றார்கள். ஊர் திரும்பியபோது அவரவர் வீட்டில் கருமாதி முடிந்திருந்தது. மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவனுக்குச் சாதியில் இடமில்லை. எழுவரும் வேடப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள், காடு திருத்தினார்கள். அவர்களுடைய சந்ததிதான் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தமிழ் பேசி வாழும் மலையாளிகள்.

இது வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவான கதை. ஏ.எஃப். காக்ஸ் 1881இல் தொகுத்த நூல் அது, 1890களில் எச்.ஏ. ஸ்டூவர்ட் அதைத் திருத்தி விரித்தார். 1909இல் எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிக் கொண்டுவந்த ஏழு தொகுதிகளில் மலையாளிகள் பற்றிய பகுதியிலும் இந்தக் கதை வருகிறது. கையேடு ஆண்டும் தருகிறது: சக ஆண்டு 1055. கிறித்துவக் கணக்கில் 1130களின் தொடக்கம், காஞ்சி சோழர் ஆட்சியில் இருந்த காலம்.

வாய்மொழிக் கதை ஒன்று ஆண்டுக் கணக்கோடு வந்து நிற்கும்போது பக்கத்து மலையில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. சேர்வராயன் மலைக்காரர்கள் சொன்னதாக அதே தர்ஸ்டன் தொகுதியில் இருப்பது வேறு கணக்கு. பத்துத் தலைமுறைக்கு முன்னால், தென்னாட்டில் முஸ்லிம் ஆட்சி ஓங்கியிருந்தபோது, காஞ்சியை விட்டு வந்தோம் என்கிறார்கள் அவர்கள். அப்படியென்றால் பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி வரும். இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு ஆண்டு. அவர்கள் கதையில் நாய்களும் இல்லை, தூக்கிப்போன பெண்களும் இல்லை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று உடன்பிறந்தார்கள் இருக்கிறார்கள். கூடவே கரிராமன் என்ற தெய்வமும் காஞ்சியிலிருந்து நடந்து வருகிறது. மூத்தவர் சேர்வராயனுக்குப் போனார். மற்ற இருவரில் யார் கொல்லிமலைக்கு, யார் பச்சைமலைக்கு என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மூவரும் தங்கள் சாதிக்கு வெளியே பெண் கட்டினார்கள் என்றும், ஒருவருக்குக் கைக்கோளர் வீட்டுப் பெண், ஒருவருக்கு வேடர் வீட்டுப் பெண் என்றும் ஒரு வடிவம் உண்டு.

ஆண்டு மாறுகிறது. எண்ணிக்கை ஏழாகிறது, மூன்றாகிறது. புறப்பட்ட காரணமும் மாறுகிறது. காஞ்சி மட்டும் மாறுவதில்லை. கட்டிய பெண் வெளிப்பெண் என்பதும் மாறுவதில்லை. இந்த இரண்டாவது செய்தியைக் கதை கேட்பவர்கள் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. காஞ்சியிலிருந்து வந்தவர்களாம் என்று ஆண்கள் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கதையை நிலத்தில் வைத்துப் பார்க்கச் சந்தவாசல் வசதியான இடம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்குப் போகிற சாலையில், படவேட்டுக்குத் திரும்பும் ஊர் அது. மேற்கே முழு நீளத்துக்கும் ஜவ்வாது மலை. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் போகிறது. படவேடு சிறிய ஊரல்ல. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்தது. விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் மதுரைக்குப் போகும் வழியில் முதலில் தோற்கடிக்க வேண்டியிருந்தது சம்புவராயரைத்தான். தொண்டை மண்டலத்தின் கோட்டங்களில் பல்குன்றக் கோட்டம் என்று பெயர் பெற்ற பகுதி இது. கிழக்கே ஏரியும் நெல்லுமாக விரிந்த நாடு இங்கே வந்து முடிகிறது. இதற்கு மேல் சாமையும் தினையும் கேழ்வரகும் கொள்ளும். ஒரு நாகரிகத்தின் விளிம்பு என்று சொல்லத் தோன்றும். ஆனால் விளிம்பு என்பது கீழே நிற்பவன் சொல்வது. மேலே இருப்பவனுக்கு அது நடு.

ஆறுகளைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கமண்டல நாகநதி சந்தவாசலுக்கு மேற்கே இந்த மலையில்தான் பிறக்கிறது. செண்பகத்தோப்பு அணையைக் கடந்து ஆரணி பக்கம் போய்ச் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறும் இதே ஜவ்வாது மலையில் பிறந்ததுதான். அது செங்கம், போளூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த் திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. வேகவதி காஞ்சிபுரத்து ஆறு. மலைக்கும் காஞ்சிக்கும் இடையில் நீர்வழித் தொடர்பு எப்போதும் இருந்திருக்கிறது. நீர்வழி இருந்த இடத்தில் புளியும் தேனும் மேலிருந்து வந்திருக்கும்; உப்பும் இரும்பும் துணியும் கீழிருந்து போயிருக்கும். ஆகவே காஞ்சியை விட்டு ஏழு பேர் ஒரே நாளில் யாருமறியாத மலைக்கு ஓடிப்போனார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. பழகிய வழியில், பல காலத்தில், பஞ்சத்துக்கும் வரிக்கும் படையெடுப்புக்கும் பயந்து, சிறுசிறு கூட்டமாக ஏறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏழு என்பது அத்தனை ஏற்றங்களையும் ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ள உதவும் எண்.

நாய்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு நாய்க்கு நடுகல் இருக்கிறது. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த கல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுப்பூசலில், அதாவது ஆநிரைக்காக நடந்த சண்டையில், இறக்கிறான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நிற்கிறது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அந்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு. காஞ்சிக் கதையின் நாய்களுக்குப் பெயரில்லை. ஆற்றுக்குப் பயந்து அவை திரும்பியதால்தான் ஒரு குலமே உண்டாயிற்று. காத்து நின்ற நாய்க்குக் கல் எழுப்பிய அதே நிலம், திரும்பிப்போன நாய்களையும் கதைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. நாய் நின்றால் வீரன் நிலைப்பான், நாய் திரும்பினால் வீரன் செத்தவன் என்ற பழைய வழக்கம் ஏதோ ஒன்று இரண்டுக்கும் அடியில் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது.

உலகத்தின் வேறு மூலையில், பூர்வீகம் தேடும் இதே வேலையை மிகத் தீவிரமாகச் செய்பவர்கள் அமெரிக்கர்கள். குறிப்பாக, அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து மலைக்காடுகளில் குடியேறியவர்களின் வாரிசுகள். 1718இல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து சில கப்பல்கள் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தன. பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் பிலடெல்பியா பக்கம் இறங்கினார்கள். கடற்கரையோர நல்ல நிலமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். இவர்கள் பென்சில்வேனியாவைக் கடந்து ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே நடந்து அப்பலாச்சிய மலைகளில் ஏறினார்கள். மரம் வெட்டிக் குடிசை போட்டு, சோளம் விதைத்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அயர்லாந்தில் தங்கள் பூர்வீகக் கிராமம் எதுவென்று தேடுகிறார்கள். தேடுபவர்கள் போய் மோதுகிற சுவர் ஒன்று உண்டு. 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கேடுகள் அநேகமாக முழுவதும் சாம்பலாயின. காகிதத்தை நம்பிய நாட்டிலும் கடைசியில் வாய்மொழிதான் மிஞ்சியது.

அந்த வாய்மொழியில் அடிக்கடி வருவது எது தெரியுமா? மூன்று சகோதரர் கதை. மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்தார்கள். ஒருவர் வந்த இடத்தில் தங்கினார், ஒருவர் தெற்கே போனார், ஒருவர் மேற்கே மலை கடந்து போனார். இந்தக் கதையைச் சொல்லாத குடும்பங்கள் குறைவு என்பதால் வம்சாவளி ஆய்வாளர்கள் அதைக் கேட்ட உடனே எச்சரிக்கை செய்வார்கள். நம் பெரியண்ணனும் நடுவண்ணனும் சின்னண்ணனும் அட்லாண்டிக் கடலைத் தாண்டியிருக்க முடியாது. ஆனாலும் அதே கதை. இதைப் பொய் என்று தள்ளுவது அவசரம். தூரத்துத் தூரத்து மலைகளில் சிதறிக் கிடப்பவர்கள், ஒருவரை ஒருவர் பங்காளி என்று அழைத்துக்கொள்ள விரும்பும்போது அவர்களுக்கு ஒரு பொதுத் தகப்பன் வேண்டும். மூன்று அண்ணன் தம்பிகள் அந்தத் தேவையிலிருந்து பிறக்கிறார்கள். சேர்வராயன், கொல்லி, பச்சைமலை மூன்றும் ஒரே மக்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை. கதையில் ஆண்டு தவறலாம், உறவு தவறவில்லை.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் இரண்டு பக்கத்திலும் ஒன்றே நடக்கிறது. அல்ஸ்டரிலிருந்து போனவர்கள் அயர்லாந்தின் பழைய குடிகளல்ல. அவர்களில் பெரும்பாலோருடைய முன்னோர், 1609இல் தொடங்கிய அரசாங்கக் குடியேற்றத்திலும் அதைத் தொடர்ந்தும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். அயர்லாந்துக்காரர்களின் நிலத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள். நூறு ஆண்டு கழித்து அங்கிருந்தும் கிளம்பினார்கள். காஞ்சி வேளாளர்களின் கதையும் அப்படித்தான். தொண்டை மண்டலம் முன்பு குறும்பர் பூமியாக இருந்ததென்றும், ஆதொண்டச் சோழன் குறும்பரை வென்று வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினானென்றும் ஒரு நீண்ட மரபுக்கதை உண்டு. காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் அதன் பல வடிவங்கள் இருக்கின்றன. ஜவ்வாது மலைக்கு ஏறியவர்களின் பூர்வீகமாகச் சொல்லப்படுகிற காஞ்சியே ஒரு காலத்தில் யாரோ ஏறி வந்து பிடித்த எல்லைப்புறம். பூர்வீகம் தேடிப் போகிறவர் எந்தப் படியில் நிற்பது என்பதை அவரேதான் முடிவு செய்துகொள்கிறார். பெருமை தருகிற படி எதுவோ அங்கே நின்றுவிடுகிறார்.

இப்போது பெண்களுக்கு வருவோம்.

கதையில் மூன்று வகைப் பெண்கள். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு கன்னிகள். காஞ்சியில் தாலி அறுத்த மனைவிகள். மலைக்கு வந்த வேடப் பெண்கள். முதல் எழுவருக்காகத்தான் இத்தனை பேர் செத்தார்கள். மீட்கப்பட்டார்களா, காஞ்சிக்குத் திரும்பினார்களா, அவர்களை யாராவது கட்டினார்களா? கதை சொல்லவே இல்லை. கொல்லப்பட்ட வேடர்களோடு சேர்ந்து அவர்களும் கதையிலிருந்து மறைகிறார்கள். இரண்டாமவர்கள் நாய்களைப் பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். கணவன் கண்ணெதிரே உயிரோடு நிற்கும்போது விதவைகளாக இருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாமவர்கள்தான் மிச்சம். தங்கள் ஆண்களைக் கொன்றவர்களைக் கட்டிக்கொண்டு, கதையின் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லாக வந்து, ஒரு குலத்துக்கே தாயானவர்கள் அவர்கள்.

கல்வராயன் மலையில் இந்த இடம் இன்னும் வெளிப்படையாக இருந்திருக்கிறது. அங்கே முன்பு வேடர்கள் வாழ்ந்ததாகவும், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்ததாகவும், அதன் அடையாளமாகக் கல்யாணத்தின்போது வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் இருந்ததாகவும் தர்ஸ்டன் தொகுதி குறித்திருக்கிறது. அந்த வெடிச்சத்தம் செத்துப்போன வேடக் கணவனுக்கானது. மணமேடையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு முந்திய கணவன் நினைவூட்டப்படுகிறான். இந்தச் சடங்கை வைத்திருந்தவர்கள் தங்கள் தோற்றத்தை மறைக்கவில்லை. காஞ்சிப் பெருமையைச் சொன்ன அதே வாய், நாம் உட்கார்ந்திருப்பது இன்னொருவன் வீட்டில் என்பதையும் கல்யாணம்தோறும் சொல்லியிருக்கிறது. குடியேறிகளின் எந்த வரலாற்றிலும் இவ்வளவு நேர்மையான ஒப்புதலை நான் கண்டதில்லை.

தகப்பன் வழியில் தேடினால் மலையாளிகள் வந்தேறிகள். தாய் வழியில் தேடினால் மலையின் பழங்குடிகள். அவர்களுடைய கதையே இதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது. படவேட்டு அம்மனின் கதையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தகப்பன் ஜமதக்னி சொல்லுக்குப் பரசுராமன் தன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். உயிர்ப்பிக்கும்போது அந்தத் தலை வேறு குலத்துப் பெண்ணின் உடலோடு சேர்ந்துவிடுகிறது என்று நாட்டார் மரபு சொல்கிறது. ஒரு குலத்தின் தலையும் இன்னொரு குலத்தின் உடலுமாக உயிர்த்தெழுந்த தாயை, இந்த மலையடிவாரத்து மக்கள் நூற்றாண்டுகளாகக் கும்பிட்டு வருகிறார்கள். வேளாளத் தகப்பனையும் வேடத் தாயையும் கொண்ட மக்கள் மேலே இருக்க, கீழே இப்படி ஒரு தெய்வம். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. இந்த எல்லைப்புறத்தில் நடந்த கலப்பு ஒரே ஒரு மலையில் மட்டும் நடக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு தடயம்.

தாய்வழி ஏன் தொலைகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. குலதெய்வம் தகப்பன் வழியில் வருவது. கல்யாணமானதும் பெண்ணுக்குக் குலதெய்வம் மாறிவிடுகிறது. பங்காளிகளின் பட்டியலில் அவள் இல்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் சீர்வரிசையாக மட்டும் அவள் நினைவு இருக்கிறது. அமெரிக்காவிலும் கதை பெரிதாக மாறவில்லை. 1790இல் அவர்கள் எடுத்த முதல் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மனைவியும் பிள்ளைகளும் கட்டங்களில் எண்ணாக நின்றார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதத் தொடங்கியது 1850இல். அதிலும் அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பெயர் எழுதவில்லை. அப்பலாச்சியக் குடும்பங்கள் பலவற்றில், எங்கள் பாட்டி ஒருத்தி செரோக்கி பழங்குடிப் பெண் என்ற பேச்சு உண்டு. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வேடப் பெண்ணைப் போலவே அவளும் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்.

சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் மலைக்குப் போகக் காத்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். கால்மாட்டில் பை நிறையக் கடைச் சாமான்.

"பாட்டி, உங்க பூர்வீகம் எது?"

"காஞ்சிபுரம்பா. எல்லாருக்கும் அதான்."

"நீங்க பொறந்த ஊரு?"

மலையில் இன்னொரு முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஊரைச் சொன்னார். அம்மா பிறந்த ஊர்? அதற்கும் அப்பால் ஒன்று. அம்மாவின் அம்மா? அதையும் சொன்னார். எந்த வருஷம் பஞ்சத்தில் அவர்கள் ஊர் மாறினார்கள், அங்கே எந்த மரத்தடியில் சாமி இருந்தது, தாய்மாமன் வீட்டுக்குப் போக எத்தனை ஓடை தாண்ட வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒரு ஊர்கூட மலையை விட்டு இறங்கவில்லை. பூர்வீகம் என்று கேட்டால் காஞ்சிக்கு ஒரே தாவலில் போய்விடுகிறவர், பிறந்த ஊர் என்று கேட்டால் மலைக்குள்ளேயே நடக்கிறார். நான் அதுவரை எல்லோரிடமும் முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் அரசாங்கம் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடி மக்கள் சுமார் எட்டு லட்சம் என்றால் அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இவர்கள்தான். பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பின்னால் மாவட்ட வரம்பு ஒன்று உண்டு: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கிற அதே மக்கள் அந்த வரிக்கு வெளியே நின்று பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சமூகம் பழங்குடி என்பதற்கு 1965இல் லோகூர் குழு ஐந்து அடையாளம் சொன்னது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி முன்னால், கவுண்டர் என்ற பட்டம் போட்டுக்கொண்ட ஒருவர் போய் நின்று, நாங்கள் காஞ்சிபுரத்து வேளாளர் வழி என்று சொன்னால் என்ன ஆகும்? தாத்தா பெருமையாகச் சொன்ன கதை பேரனின் சாதிச் சான்றிதழுக்குக் குறுக்கே வந்து விழும். மேல்சாதிப் பெருமை கொடுத்த கதை, நூறு ஆண்டு கழித்து, சலுகைக்காகப் பழங்குடி வேடம் போடுகிறார்கள் என்று குற்றம்சாட்டப் பயன்படுகிறது. கதையை முழுவதும் கேட்டிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு எழாது. பாதிக் கதையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

காடு திருத்தினார்கள் என்று கதை சொல்கிறது அல்லவா, அந்தக் காடு பிறகு கைவிட்டுப் போனது. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. மண்வெட்டியால் கொத்தி விதைக்கிற கொத்துக்காட்டு விவசாயம் குற்றமாயிற்று. தேனெடுப்பதற்கும் கடுக்காய் பொறுக்குவதற்கும் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அமெரிக்க எல்லைப்புறத்தில் காடு வெட்டியவனுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தது. பழங்குடியை அடித்துத் துரத்தியும் கொடுத்தது. இங்கே காடு வெட்டியவன் தன் வீட்டிலேயே ஆக்கிரமிப்பாளன் ஆனான். நிலம் சோறு போடாதபோது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஆண்கள் கூலிக்கு இறங்கினார்கள். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போனார்கள். சிலர் மரம் வெட்டவும் போனார்கள்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். சேஷாசலம் அப்போது சித்தூர் மாவட்டம். கதையில் வரும் கங்குந்தியும் குப்பத்தை ஒட்டிய சித்தூர்ப் பகுதிதான். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தே இருந்தது. பழைய கதையில் எழுவர் போனதும் அந்தச் சித்தூர்ப் பக்கம்தான். அவர்கள் உயிரோடு திரும்பிச் செத்தவர்களாக எண்ணப்பட்டார்கள். இவர்கள் பிணமாக வந்தார்கள். இந்த வீடுகளில் தாலி அறுத்த பெண்களின் பெயர்களைச் சில நாள் பத்திரிகைகள் எழுதின. அவர்களுக்கும் நாளை எந்த வம்சாவளியிலும் ஒரு வரி இல்லாமல் போகக்கூடாது என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் பூர்வீகம் தேடும் வேலையை நேரடியாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பு காட்டு நிலத்தில் இருந்த பழங்குடிக் குடும்பம் உரிமை கோரலாம். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். ஆகவே ஒரு மலையாளிக் குடும்பத்தின் கையில் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, அது காட்ட வேண்டிய கடந்த காலத்தின் நீளமே மாறிவிடுகிறது. எதையெல்லாம் சாட்சியாக ஏற்கலாம் என்று விதிகள் ஒரு பட்டியல் தருகின்றன. அரசு ஆவணங்களோடு கூட, முந்தைய பதிவுகளில் உள்ளவர்கள் வரை போகும் வம்சாவளியும், கோருபவரல்லாத ஊர் மூத்தோர் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் அதில் உண்டு. வாய்மொழிக்கு இந்தியச் சட்டம் இவ்வளவு மரியாதை தந்த இடங்கள் அதிகமில்லை. அந்த வாக்குமூலத்தைக் கிராம சபையில் யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம். ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் சொன்னால் காஞ்சியிலிருந்து தொடங்கி அப்பன், பாட்டன், பூட்டன் என்று வரும். சந்தவாசலில் பார்த்த பாட்டி சொன்னால் மலையின் ஒவ்வொரு முகடும், ஓடையும், சாமி மரமும் சாட்சிக்கு வரும். ஒரு குடும்பம் அந்த நிலத்தில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதை நிறுவ இரண்டாவதுதான் வலுவான சாட்சி.

தனிநபர் உரிமை கோரும் படிவத்தில் முதல் வரி கோருபவர் பெயர். இரண்டாவது வரி கணவன் அல்லது மனைவி பெயர். மூன்றாவது வரியில் தந்தை, தாய் இருவருக்கும் இடம் விட்டிருக்கிறது. தரப்படும் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. வேடப் பெண்ணின் பேத்திகளுக்கு அந்த மூன்றாவது வரியில் தாயின் பெயரையும், அதன் கீழே அவள் பிறந்த ஊரையும் எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் இப்போது மலையில் இருக்கிறார்கள்.